பாப்பா பாட்டும் பாரதியின் வாழ்வும்

கவிதை ஒப்புவித்தல் போட்டிகளில் நம் மாணவர்கள் பாப்பா பாட்டைப் பிழையின்றிப் பாடுவர். அதை இயற்றியவரின் வாழ்வைப் பற்றி வினவினால் விழிப்பர்.

1882-ஆம் ஆண்டு எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார், ஐந்தாம் அகவையில் தாயை இழந்தார். 1904-இல் மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியராகப் பணியாற்றினார். 1908-இல் 'இந்தியா' இதழின் மீது ஆங்கில அரசு வழக்குத் தொடுத்தபோது, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் தஞ்சம் புகுந்தார். பத்தாண்டுகள் நீடித்த அவ்வாழ்வை வறுமையும் ஒற்றர்களின் கண்காணிப்பும் சூழ்ந்திருந்தன. குழந்தைகளுக்கு அன்பையும் துணிவையும் ஊட்டும் அப்பாடல் அங்கேதான் பிறந்தது.

ஆசிரியர்களே, பெற்றோர்களே! தாயை இழந்த சிறுவனையும், தஞ்சம் புகுந்த தந்தையையும் பிள்ளைகளுக்கு முதலில் அறிமுகப்படுத்துவோம். அதன்பின் பாட்டைக் கற்பிப்போம், பொருளுணர்ந்து பாடுவர்.