ஐயம்பேட்டை ஜரிகையும் மீன்வலை பிகினியும்

தலைப்பைப் பார்த்துட்டு படம் தேடி வந்த மக்களே, மன்னிக்கணும். இங்க நூலும் வெள்ளியும் மட்டும்தான் :-)

மறுசுழற்சி நூலில் செய்த, சுருக்கம் சுருக்கமா இருக்கிற பிகினின்னு இப்போ பல கம்பெனிகள் பெருமையா விற்கிறாங்க. காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவுல இருக்கிற ஐயம்பேட்டையில ஒரு நெசவாளர்கிட்ட இதைச் சொன்னா சிரிப்பார். துணியிலிருந்து சரக்கைத் திரும்ப எடுக்கிறது அந்தப் பக்கம் பழைய சமாச்சாரம்.

ஜரிகை எப்படி செய்யறாங்க? சிவப்புப் பட்டு நூல் மேல தட்டையாக்கின வெள்ளிக் கம்பியைச் சுத்தி, அதுக்குத் தங்க முலாம். நல்ல காஞ்சிபுரம் ஜரிகைக்கு நெடுநாளா சொல்லப்பட்ட கணக்கு 57 சதவீதம் வெள்ளி, 0.6 சதவீதம் தங்கம். புடவை நைஞ்சு போனா பழைய ஜரிகை வாங்குறவர்கிட்ட போடுவாங்க. அதை எரிச்சு, மிஞ்சினதை உருக்கி, வெள்ளியைப் பிரிச்சுடுவாங்க. பட்டு சாம்பலாயிடும். வெள்ளி மறுபடி கம்பியாகும், எத்தனை தடவை வேணும்னாலும். பீரோவுல இருந்த கல்யாணப் புடவை நம்ம பாட்டிகளுக்கு அவசரத்துக்கு உதவுற சேமிப்பாவும் இருந்தது.

இப்போ பிகினி. 1946 ஜூலை 1-ம் தேதி பசிபிக்கடல் பிகினி தீவுல அமெரிக்கா அணுகுண்டு சோதனை நடத்துச்சு. நாலு நாள் கழிச்சு பாரிஸில் லூயி ரேயார் தன்னோட நீச்சலுடைக்கு அந்தப் பேரையே வெச்சார். அது இன்னைய வடிவத்துக்கு வரக் காரணம் ரெண்டு நூல். ஒண்ணு நைலான், அதுல நைலான் 6 வகையை 1938-ல் ஜெர்மனியில பால் ஷ்லாக் கண்டுபிடிச்சார். இன்னொண்ணு ரப்பர் மாதிரி இழுபடுற ஸ்பாண்டெக்ஸ். 1958-ல் டூபாண்ட் கம்பெனியில ஜோசப் ஷிவர்ஸ் செஞ்சது.

நைலான் 6-க்கு வெள்ளி மாதிரியே ஒரு நல்ல குணம். அதை உடைச்சா மூலப்பொருளான கேப்ரோலாக்டம் திரும்பக் கிடைக்கும், அதிலிருந்து புது நூல் இழுக்கலாம். இத்தாலியின் அக்வாஃபில் கம்பெனி 2011-ல் பழைய மீன்வலை, தரைவிரிப்பையெல்லாம் இப்படி நூலாக்கி 'எகோனில்'னு விற்க ஆரம்பிச்சது. பல நீச்சலுடைகள் இந்த நூல்தான்.

சிக்கல் அந்தச் சுருக்கத்துல இருக்கு. நம்ம ஊர்ல இருந்து வெள்ளைக்காரங்க வாங்கிப் போன சீர்சக்கர் துணியில (பாலும் சர்க்கரையும்னு அர்த்தம் வர்ற பாரசீகப் பேர்) பாவுல ஒரு வரிசையை இறுக்கி, அடுத்ததைத் தளர்த்தி நெய்வாங்க. தளர்ந்த இழை சுருங்கி மேடாகும். வேற நூலே தேவையில்லை. பிகினித் துணியில அந்த வேலையைப் பெரும்பாலும் ஸ்பாண்டெக்ஸ் செய்யுது. 78 பங்கு நைலான், 22 பங்கு ஸ்பாண்டெக்ஸ்னு கலக்கிறது சகஜம். ரெண்டும் பின்னிக் கிடக்கிறதால மறுபடி பிரிக்கிறது பெரிய தலைவலி. அதனால மீன்வலை பிகினியாகும். அந்த பிகினி பெரும்பாலும் குப்பைக்குத்தான் போகும்.

இதைச் சொல்லிட்டு நாம காலரைத் தூக்கிவிட முடியாது. வெள்ளி விலை ஏற ஏற, செம்புக் கம்பி ஜரிகையும் பளபளக்கிற பிளாஸ்டிக் ஜரிகையும் பட்டுப்புடவைக்குள்ள நுழைஞ்சாச்சு. அதை எரிச்சா வெள்ளி வராது. பாட்டி புடவைக்குக் காசு கொடுத்தவர் பேத்தி புடவையை உரசிப் பார்த்துட்டுத் திருப்பிக் கொடுத்துடுவார்.

என்னைக் கேட்டா, துணி எதிலிருந்து வந்ததுங்கிறதோட, அதிலிருந்து நாளைக்கு என்ன எடுக்கலாம்னும் கடைக்காரர்கிட்ட கேக்கணும். அடுத்த முகூர்த்தத்துக்குப் புடவை எடுக்கும்போது ஜரிகையில வெள்ளி எவ்வளவுன்னு கேட்டுப் பாருங்க.