நடந்தா 'கிரீச்'... மரத்தரை சத்தம் போடுவது ஏன்?

ஃப்ளாட்களில் 'மரத்தரை' என்று நாம் சொல்வது பெரும்பாலும் லேமினேட். பலகைகளைத் தரையில் ஒட்டாமல், மெல்லிய ஃபோம் மேல் ஒன்றோடொன்று மாட்டியிருப்பார்கள். கீழே சிமென்ட் தளம் மேடுபள்ளமாக இருந்தால், மிதிக்கும்போது பலகை அமுங்கி இணைப்புகள் உரசும். அதுதான் சத்தம்.

டால்கம் பவுடரை இணைப்பில் தூவி, பிரஷ்ஷால் உள்ளே தள்ளுங்க. மேலே நாலு முறை நடந்துவிட்டு, மிச்சத்தைத் துடைச்சிடுங்க, இல்லன்னா வழுக்கும். சின்ன உரசல் என்றால் அடங்கிவிடும்.

மழைக்காலத்தில் மட்டும் சத்தமா? பலகை ஈரப்பதத்தில் விரிந்து சுவரை முட்டலாம். ஸ்கர்ட்டிங்குக்குப் பின்னால் சுமார் 8-10 மி.மீ. இடைவெளி வேண்டும்.

ஸ்க்ரூ மட்டும் அடிக்காதீங்க. விரிய இடமில்லாமல் பலகை தூக்கிக்கொள்ளும். வாடகை வீடென்றால் அட்வான்ஸிலும் கழிப்பார்கள். பலகை ஓரம் உப்பியிருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கலாம். உடனே ஓனரிடம் சொல்லிடுங்க.