சேர்வராயன் மலையில் மரங்கள் மாறிய கதை

சேலத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி ஏற்காடு போகிறவர்களுக்கு மலை முழுவதும் காடாகத்தான் தெரியும். ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு ஆனது என்று பெயருக்கு விளக்கம் சொல்வார்கள். ஆனால் ஊரைத் தாண்டி நாகலூர் பக்கம் போய், இவை என்ன மரங்கள் என்று கேட்டால் கதையே வேறு. நேராக நிமிர்ந்து நிற்கும் சில்வர் ஓக், அதில் படர்ந்த மிளகுக்கொடி, கீழே காப்பிச்செடி. சில்வர் ஓக்கின் சொந்த ஊர் ஆஸ்திரேலியா!

காப்பியை இந்த மலைக்குக் கொண்டு வந்தவர் 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன். பேரி, ஆப்பிள் எல்லாம்கூட அவர் கொண்டு வந்தவைதான். அதற்கு முன்பு இது மனிதக் கை படாத காடு என்று நினைத்துவிடக் கூடாது. மலையாளி பழங்குடியினர் (கேரளத்துக்காரர்கள் அல்ல, காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் தமிழ் பேசும் மக்கள்) காட்டைத் திருத்திச் சாமையும் கேழ்வரகும் விதைத்து வந்தார்கள்.

காப்பிக்கு நிழல் வேண்டும். அதனால் தோட்டக்காரர்கள் எல்லா மரத்தையும் வெட்டவில்லை. பெரிய மரங்களை விட்டுவிட்டு, அடியில் இருந்த புதரையும் கன்றுகளையும்தான் நீக்கினார்கள். இது நல்லதுதானே என்று தோன்றும். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. காப்பிக்காக ஆண்டுதோறும் களையெடுக்கும்போது, மேலே நிற்கும் மரத்தின் விதையிலிருந்து முளைத்த கன்றும் சேர்ந்தே போய்விடும். அறுபது, எழுபது வருடம் கழித்து அந்த மரம் விழும்போது அதன் இடத்துக்கு வர வாரிசு இல்லை. அந்த இடத்தில் சில்வர் ஓக் நட்டார்கள். சீக்கிரம் வளரும், மிளகு ஏற்ற வசதி, கிளை கழித்தாலும் தாங்கும், கடைசியில் விற்றால் பணம். தோட்டக்காரரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பல வகை மரம் நின்ற இடத்தில் ஒரே வகை வந்தது.

மலையுச்சிகளில் நடந்தது இதைவிட வேகமானது. மேட்டூர் அலுமினிய ஆலைக்காக அங்கே பாக்சைட் வெட்டினார்கள். பாக்சைட் மேல்மட்டத்திலேயே கிடப்பதால், மரத்தோடு மேல்மண்ணையும் வாரினால்தான் அதை எடுக்க முடியும். அந்த மாற்றம் யார் கண்ணுக்கும் தெரியும். காப்பித் தோட்டத்து மாற்றம்தான் தெரியாது.

செயற்கைக்கோளுக்கும் தெரியாது என்பதுதான் வேடிக்கை. இந்திய வன அளவை நிறுவனம் 1987 முதல் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை என்ற கணக்கில் காடுகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டு வருகிறது. அதன்படி ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரக்கிளைகளின் நிழல் பத்து சதவீதம் இருந்தால் அது காடு. நிலம் யாருடையது, மரம் என்ன ஜாதி என்ற கேள்வியே இல்லை. எனவே நிழல் மரங்கள் அடர்ந்த காப்பித் தோட்டமும் காட்டுக் கணக்கில் வந்துவிடும். நாட்டு மரம் போய் சில்வர் ஓக் வந்தாலும் எண் அப்படியே இருக்கும்.

நடந்து போய் எண்ணுவதே வழி. பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கடவுளும் பார்த்தசாரதியும் அதைத்தான் செய்தார்கள். சேர்வராயன் மலையின் மிச்சமிருக்கும் காட்டில் நிலத்தை அளந்து, மரங்களை இனம் இனமாக எண்ணி 1999ல் வெளியிட்டார்கள். இப்படி ஒரு கணக்கு இருந்தால்தான் இருபது, முப்பது வருடம் கழித்து ஒப்பிட ஏதாவது இருக்கும்.

பள்ளி மாணவர்களும் செய்யக்கூடிய வேலை இது. 1994ல் அமெரிக்காவில் அறிவிக்கப்பட்டுப் பல நாடுகளுக்குப் பரவிய 'குளோப்' திட்டத்தில் ஓர் எளிய முறை உண்டு. சிறிய அட்டைக் குழாயின் ஒரு முனையில் இரண்டு நூலைக் குறுக்காகக் கட்டி, அதன் வழியே அண்ணாந்து பார்க்க வேண்டும். நூல்கள் வெட்டும் புள்ளியில் இலையா, வானமா? சில அடி நடந்து மறுபடி பார்க்க வேண்டும். நூறு முறை பார்த்ததில் அறுபது இலை என்றால் நிழல் அறுபது சதவீதம்.

நாகலூர் போன்ற இடத்தில் இது மட்டும் போதாது. அண்ணாந்து பார்த்த ஒவ்வொரு இடத்திலும் மரத்தின் பெயரை எழுத வேண்டும், பிறகு குனிந்து தரையில் என்ன கன்று முளைத்திருக்கிறது என்றும் எழுத வேண்டும். மரப்பெயர்களுக்குப் புத்தகத்தைவிட மலையாளிப் பெரியவர்கள் நல்ல துணை. இம்மலையில் அவர்கள் சாமிக்கென்று விட்டுவைத்த கோயில் காடுகளும் உண்டு. அங்கே களையெடுப்பதில்லை. ஒரு கோயில் காட்டிலும் அதை ஒட்டிய காப்பித் தோட்டத்திலும் ஒரே நாளில் எண்ணிப் பார்த்தால், குழாய்க் கணக்கு ஏறக்குறைய ஒன்றாக வரலாம். கன்றுகளின் பட்டியல் அப்படி வராது.