பெயர் சொல்லவும் உரிமை, மறைக்கவும் உரிமை

சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் வட்டாரம் லாரித் தொழிலுக்குப் பேர்பெற்றது. பாடி கட்டும் பட்டறைகளும், வாரக்கணக்கில் வீடு திரும்பாத ஓட்டுநர்களும் இங்கு மிகுதி. 1990களில் எச்.ஐ.வி. தொற்று இப்பகுதியில் பரவியபோது, நோயைப் போலவே அதைப் பற்றிய பேச்சும் மக்களை வாட்டியது. தொற்று இருப்பது தெரிந்தால் வேலை போகும், உறவும் போகும் என்ற அச்சத்தில் பலர் வாய் திறக்கவில்லை.

இந்த அச்சத்திற்கு அறிவியலில் இடமுண்டா? எச்.ஐ.வி. கிருமி 1983இல் பாரிஸ் நகரின் பாஸ்டர் ஆய்வுக்கூடத்தில் கண்டறியப்பட்டது. அது இந்தியாவிலும் இருப்பதை 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் வெளிக்கொணர்ந்தனர். பாதுகாப்பற்ற பாலுறவு, தொற்றுள்ள இரத்தம், பலருக்குப் போட்ட ஊசி, தாயிடமிருந்து குழந்தை ஆகியனவே இது பரவும் வழிகள். ஒரே மேசையில் வேலை செய்வதாலோ, ஒரே குவளையில் நீர் பருகுவதாலோ பரவாது. ஆகவே லாரி ஓட்டுவதற்கும், பள்ளியில் பாடம் சொல்வதற்கும் இக்கிருமி தடையன்று.

அறிவியல் சொன்னதை நீதிமன்றமும் ஏற்க வேண்டியிருந்தது. பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் தற்காலிகமாக வேலை செய்த தொழிலாளி ஒருவருக்குத் தொற்று இருப்பது மருத்துவச் சோதனையில் தெரிந்தது. உடல் தகுதி இருந்தும் அவருக்கு வேலை மறுக்கப்பட்டது. 1997இல் பம்பாய் உயர் நீதிமன்றம், தொற்றை மட்டுமே காரணம் காட்டி வேலை மறுப்பது அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. தம் பெயரை வெளியிடாமல் வழக்காடவும் அவரை அனுமதித்தது. இன்றும் அவ்வழக்கு 'எம்.எக்ஸ். எதிர் இசட்.ஒய்.' என்றே வழங்குகிறது.

அடுத்த ஆண்டு, 1998இல், நாமக்கல்லைச் சேர்ந்த பி. கௌசல்யா நேரெதிரான வழியைத் தேர்ந்தார். லாரி ஓட்டுநரை மணந்து, அவர் வழியே தொற்றுக்கு ஆளானவர் அவர். பெயரையும் முகத்தையும் மறைக்காமல் பேசினார். சென்னையில் 'பாசிட்டிவ் விமன் நெட்வொர்க்' என்ற அமைப்பைத் தொற்றுள்ள பிற பெண்களுடன் சேர்ந்து நிறுவினார். எந்த உண்மை தம்மை ஒதுக்கிவிடும் என்று மற்றவர்கள் அஞ்சினரோ, அந்த உண்மையே அவருடைய பொதுப்பணிக்கு அடிப்படையாயிற்று. மணமான பெண்ணுக்கு இந்நோய் வராது என்ற எண்ணத்தையும் அவர் பேச்சு தகர்த்தது.

பின்னர் மருத்துவமும் கைகொடுத்தது. 2004 ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்துச் சிகிச்சை இலவசமாகத் தொடங்கியது. மருந்தைத் தவறாமல் உட்கொண்டு, இரத்தத்தில் கிருமியின் அளவு சோதனைக்கு எட்டாதபடி தொடர்ந்து குறைந்திருந்தால், பாலுறவின் வழியாகவும் அது பிறருக்குப் பரவாது என இன்று நிறுவப்பட்டுள்ளது.

2017இல் நாடாளுமன்றம் இயற்றிய எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பில் உள்ளது. வேலை தருவதற்கு முன்நிபந்தனையாக எச்.ஐ.வி. சோதனை கேட்கக் கூடாது. தொழிலாளியின் இசைவோ நீதிமன்ற ஆணையோ இன்றி அவரது நிலையை வெளியிடவும் கூடாது. நூறு பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனங்களில் புகார் அலுவலர் ஒருவரும் இருக்க வேண்டும்.

பெயரை மறைத்த தொழிலாளியைக் கோழை என்றோ, பெயரைச் சொன்ன கௌசல்யாவைப் போல எல்லோரும் பேச வேண்டும் என்றோ சொல்வது முறையாகாது. சொல்வதா, வேண்டாமா என்பதைத் தொற்றுடன் வாழ்பவரே முடிவு செய்ய வேண்டும். அவர் எதை முடிவு செய்தாலும் அவரது வேலை நிலைக்கும்படி பார்த்துக்கொள்வது, உடன் பணிபுரியும் நம் கடமை.