கேமராவும் வரலாறு எழுதும்

இவ்வெள்ளிவிழா மலருக்காகப் புழலில் நம் மக்களின் பழைய படங்களைத் தேடினோம். அடையாள அட்டைப் படங்களும் திருமணப் படங்களும் கிடைத்தன. உழைப்பைக் காட்டும் படம் ஒன்றேனும் கிடைக்கவில்லை. படமில்லாதார் வாழ்வு வரலாற்றினின்றும் எளிதில் மறைந்துபோகும்.

இக்குறையைத் தீர்க்கப் பாடுபடுபவர் புகைப்படக் கலைஞர் எம். பழனி குமார். மதுரை மாவட்டம் ஜவகர்லால்புரத்தில் மீன் விற்றுக் குடும்பம் காத்த தாயின் மகன். 2013-இல் கடன் பெற்று முதல் கேமராவை வாங்கினார். கையால் மலம் அள்ளுதலைத் தடுக்கும் புதிய சட்டமும் அவ்வாண்டே வந்தது, சாவுகளோ நிற்கவில்லை. சாக்கடையில் இறந்தோர் குடும்பத்திற்கு 10 லட்சம் ரூபாய் வழங்க 2014-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023-இல் அதனை 30 லட்சமாக்கியது. தொகை உயர்ந்தது, இறந்தவர் முகத்தைக் கண்டார் யார்?

2017-இல் வெளிவந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்திற்கு ஒளிப்பதிவு செய்த இவர், இழவு வீடுகளுக்குச் சென்று, தந்தையை இழந்த பிள்ளைகளையும் படம் பிடித்தார். கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் இராமநாதபுரம் பெண்கள், கடலூர்த் துறைமுகத்தில் மீன் வெட்டும் பெண்கள் என இவர்தம் பணி விரிந்தது. வேலையின் நடுவே அவர்கள் இயல்பாய் இருக்கும் கணங்களே இப்படங்களின் உயிர். 2022-இல் தயானிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது இவரைத் தேடி வந்தது. நமக்கு அண்மையிலுள்ள வியாசர்பாடிப் பிள்ளைகளுக்கும் இவர் புகைப்படக்கலை கற்பித்தார்.

இளைஞர்களே! உங்கள் கைப்பேசியிலும் கேமரா உண்டு. பெற்றோரின் உழைப்பை, அவர்தம் இசைவு பெற்றுப் படமெடுங்கள். பெயர், இடம், ஆண்டு எழுதிவையுங்கள். பொன்விழா மலரைத் தொகுப்போர் நம்மைப்போல் வெறுங்கையோடு திரும்பலாகாது.