பஞ்சுத் தூசி

கெலவரப்பள்ளி அணையில் மதகு திறந்தால், தண்ணீரோடு சில சமயம் நுரையும் மலைமலையாக எழும்பும். என் தமக்கை மகனோடு அந்த வேடிக்கையைப் பார்க்கப் போயிருந்தேன். வேடிக்கை என்பதே தவறு. பெங்களூர்ப் பக்கத்துக் கழிவெல்லாம் தென்பெண்ணையில் கலந்து இங்கே தலைகாட்டுகிறது. வயலுக்குப் பாய்கிற தண்ணீர் அல்லவா!

"அழுக்கை மேலேயே தடுத்திருக்க வேண்டும், மாமா" என்றான் பையன். ஓசூரில் ஜாவாஸ்கிரிப்ட் எழுதிப் பிழைப்பவன். "எங்கள் தொழிலில் இதற்கு ஒரு சரித்திரமே உண்டு" என்றான். கதை எழுதுகிறவன் சரித்திரத்தை விடுவானா?

1978-ல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் ஸ்டீபன் ஜான்சன் என்பவர் 'லின்ட்' என்ற புரோகிராமை எழுதினார். லின்ட் என்றால் துணியில் ஒட்டும் பஞ்சுத் தூசி. 'சி' மொழியில் எழுதியதை, ஓட்டிப் பாராமலே படித்து, சந்தேகமான வரிகளைச் சுட்டிக் காட்டும். அச்சகத்துப் புரூப் ரீடர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

1995-ல் நெட்ஸ்கேப் கம்பெனியில் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் உருவத்தைச் செய்து முடித்தார். அவசரப் பிள்ளை, செல்லமாகவும் வளர்ந்தது. ஒரு பெயரை எழுத்துப் பிசகி எழுதினால், அந்தப் பிசகிய பெயரிலேயே புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொண்டு பேசாமல் இருந்துவிடும். தவறு ஓரிடத்தில் விழும், வேறெங்கோ முளைக்கும்.

2002-ல் டக்ளஸ் கிராக்ஃபோர்ட் இதற்கென்றே 'ஜேஎஸ்லின்ட்' எழுதினார். மகா கண்டிப்பு! தமக்குப் பிடிக்காத நடையையும் குற்றமென்றே தீர்ப்பளித்தார். அதைச் சற்று இளக்கி, 2011-ல் ஆன்டன் கோவல்யோவ் 'ஜேஎஸ்ஹின்ட்' ஆக்கினார். 2013-ல் நிக்கலஸ் சாகாஸ் 'இஎஸ்லின்ட்' கொண்டுவந்தார். எந்த விதி வேண்டும், எது வேண்டாம் என்பதை அந்தந்தக் குழுவே தீர்மானிக்கலாம். ராஜாவின் உத்தரவு போய்ப் பஞ்சாயத்து வந்தது.

விதி இருந்தும் மனிதன் மறப்பானே! ஆகவே, எழுதியதைப் பொதுவில் சேர்க்கும் முன்பே சோதனை தானாக நடக்கும்படி செய்தார்கள். தேறாவிட்டால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

"நடுராத்திரியிலும் அதற்குக் களைப்பில்லை, தாட்சண்யமும் இல்லை. ஆனால் கணக்கே தப்பாக இருந்தால் அதற்குத் தெரியாது, மாமா."

"ஏமாற்ற முடியாதா?"

பையன் சற்று மௌனமாக இருந்தான். "முடியும். ஒரு வரிக் குறிப்பு எழுதினால் விதி வாயை மூடிக்கொள்ளும். அவசரத்தில் நானும் ஒருநாள் எழுதினேன். மூன்றாம் வாரம் அந்த இடத்தில்தான் எல்லாம் நின்றுபோயிற்று."

"பிறகு?"

"நான்தான் செய்தேன் என்று ஒப்புக்கொண்டேன்."

மதகடியில் நுரை காற்றில் பறந்து கரையில் விழுந்துகொண்டிருந்தது. மேலே எத்தனை பேர், எத்தனை விதிகளின் வாயை மூடினார்களோ! 'நான்தான் செய்தேன்' என்று சொல்ல அங்கே ஒருவரும் வரவில்லை.