மெடிக்கெய்டு மேலாண்மைத் தகவல் முறைமை

மெடிக்கெய்டு மேலாண்மைத் தகவல் முறைமை என்பது ஐக்கிய அமெரிக்காவின் மெடிக்கெய்டு மருத்துவக் காப்புறுதித் திட்டத்தை நிருவகிக்க அந்நாட்டின் மாநிலங்கள் பயன்படுத்தும் கணினி முறைமை ஆகும். மருத்துவர்களும் மருத்துவமனைகளும் அனுப்பும் கட்டணக் கோரிக்கைகளைச் சரிபார்த்துப் பணம் வழங்குவது இதன் முதன்மைப் பணியாகும். ஒற்றைப் பெரும் மென்பொருளாக இயங்கிவந்த இம்முறைமைகளைத் தனித்தனிக் கூறகங்களாகப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும் என்பது 2011 முதல் நடுவண் அரசின் கொள்கையாக உள்ளது.

பின்னணி

மெடிக்கெய்டு 1965 இல் சட்டமாக்கப்பட்டது. குறைந்த வருமானம் உடையோருக்கான இத்திட்டத்தின் செலவை நடுவண் அரசும் மாநில அரசுகளும் பகிர்ந்துகொள்கின்றன. நிருவாகம் மாநிலங்களின் பொறுப்பாகும். எனவே எவருக்குத் தகுதி உண்டு, எந்தச் சேவைக்கு எவ்வளவு கட்டணம் என்பன மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகின்றன. 1972 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தைத் தொடர்ந்து, இத்தகைய முறைமையை வடிவமைத்து நிறுவும் செலவில் 90 விழுக்காட்டையும், ஏற்பளிக்கப்பட்ட முறைமையை இயக்கும் செலவில் 75 விழுக்காட்டையும் நடுவண் அரசு ஏற்கிறது. இதனால் நடுவண் அரசு விதிக்கும் தொழினுட்ப நிபந்தனைகளை மாநிலங்கள் புறக்கணிக்க இயலாது.

ஒற்றை முறைமையின் குறைகள்

பழைய முறைமைகள் பல, மெயின்ஃபிரேம் கணினிகளில் கோபால் நிரல்மொழியில் எழுதப்பட்டவை. பயனாளர், சேவை வழங்குநர், கோரிக்கைச் செயலாக்கம், குறிப்புத் தரவு, பயன்பாட்டுக் கண்காணிப்பு, நிருவாக அறிக்கை என ஆறு துணைமுறைமைகள் வகுக்கப்பட்டிருந்தபோதிலும், அவை ஒரே ஒப்பந்தத்தின் கீழ், ஒன்றோடொன்று இறுகப் பிணைந்தே உருவாக்கப்பட்டன. காப்புறுதி விதிகள் நிரலுக்குள்ளேயே புதைந்திருந்தன. ஆகவே ஒரு கட்டண விதியை மாற்றுவதற்கும் நிரலாளரின் துணை தேவைப்பட்டது. ஒரு பகுதியை மட்டும் மாற்றுவது கடினம் என்பதால், புதுப்பிப்பு என்றாலே முழு முறைமையையும் ஒரே நாளில் மாற்றுவதாக அமைந்தது.

இதன் இடர்ப்பாட்டுக்கு வட கரொலைனா மாநிலம் ஓர் எடுத்துக்காட்டு. அங்கு 2013 சூலை 1 அன்று என்சிடிராக்ஸ் என்னும் புதிய முறைமை நடைமுறைக்கு வந்தது. சோதனைகள் போதுமானவையாக இல்லை என்று அதற்கு முன்னரே, அவ்வாண்டு மே மாதத்தில், மாநிலத் தணிக்கையாளர் எச்சரித்திருந்தார். தொடங்கிய பின்னர்க் கோரிக்கைகள் தேங்கின. சேவை வழங்குநர் பலருக்குப் பணம் தாமதமானது. பெரிய மருத்துவமனைகள் இத்தகைய தாமதத்தை ஓரளவு தாங்கக்கூடும். ஊழியர் ஊதியத்துக்கே இப்பணத்தை நம்பியுள்ள சிறு மருத்துவ நிலையங்களுக்கு அது வாழ்வாதாரச் சிக்கல் ஆகும்.

கூறுநிலை விதிகள்

மெடிக்கேர், மெடிக்கெய்டு சேவைகள் நடுவம் 2011 ஏப்பிரலில் ஏழு நிபந்தனைகளையும் நியமங்களையும் வெளியிட்டது. அவற்றுள் கூறுநிலை அமைப்பும் ஒன்று. 2015 திசம்பரில் வெளியாகி 2016 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த விதி இதனை மேலும் வலுப்படுத்தியது. இதன் முக்கியக் கூறுகள்:

* கூறகங்கள் திறந்த இடைமுகங்கள் வழியே தரவு பரிமாற வேண்டும்.
* காப்புறுதி விதிகள் அடிப்படை நிரலிலிருந்து பிரிக்கப்பட்டு, மனிதரும் கணினியும் படிக்கத்தக்க வடிவில் இருக்க வேண்டும்.
* முழு முறைமைக்கும் காத்திராமல், ஒவ்வொரு கூறகத்துக்கும் தனியே சான்றளிக்கலாம்.

எடுத்துக்காட்டாக, இயன்முறை மருத்துவம் ஆண்டுக்கு 20 முறை அனுமதிக்கப்படும் என ஒரு மாநிலத்தில் விதி இருப்பதாகக் கொள்வோம். அதனை 30 ஆக உயர்த்தும்போது, விதிப்பொறியில் உள்ள ஒரு வரியைத் திருத்தினால் போதும். கோரிக்கைச் செயலாக்க நிரலைத் தொட வேண்டியதில்லை. அவ்வரியைத் திட்ட அலுவலரே படித்துச் சரிபார்க்கவும் இயலும்.

இயங்கும் முறை

ஒரு கோரிக்கை வந்தவுடன், நோயாளி சிகிச்சை நாளில் தகுதி உடையவரா, மருத்துவர் பதிவு பெற்றவரா, முன்னனுமதி தேவையா, இதே கோரிக்கை முன்னரே வந்துள்ளதா என்பன சரிபார்க்கப்படுகின்றன. பின்னர்க் கட்டணம் கணிக்கப்பட்டுப் பணம் வழங்கப்படுகிறது, அல்லது காரணம் கூறி மறுக்கப்படுகிறது. கூறுநிலை அமைப்பில் இவற்றை வெவ்வேறு நிறுவனங்களின் கூறகங்கள் செய்யக்கூடும். 1996 ஆம் ஆண்டின் ஹிப்பா சட்டத்தின் கீழ் கட்டாயமாக்கப்பட்ட எக்ஸ்12 நியமங்கள் வெளித்தரவுப் பரிமாற்றத்துக்குப் பொதுவடிவம் தருகின்றன. இவற்றில் 837 கோரிக்கையையும், 835 பணம் வழங்கல் விவரத்தையும், 270, 271 ஆகியன தகுதி வினாவையும் விடையையும் குறிக்கும்.

பகிர்வு

நன்கு பிரிக்கப்பட்ட கூறகத்தைப் பிற மாநிலங்களும் பயன்படுத்தலாம். இலினொய், மிச்சிகன் மாநிலத்தின் முறைமையைப் பகிர்ந்துகொள்ளும் திட்டத்தில் சேர்ந்து, சேவை வழங்குநர் பதிவை 2015 இல் தொடங்கியது. கூறுநிலை விதிகளுக்கு முன்னரே, ஹவாய் மாநிலம் அரிசோனாவின் முறைமையைப் பகிர்ந்து பயன்படுத்தி வந்தது.

சிக்கல்கள்

கூறுநிலை அமைப்பு சிக்கலை நீக்கிவிடுவதில்லை. அதனை நிரலின் உள்ளிருந்து கூறகங்களின் எல்லைகளுக்கு நகர்த்துகிறது. தகுதிக் கூறகம் நேற்றைய நிலையையும் கோரிக்கைக் கூறகம் இன்றைய நிலையையும் கொண்டிருந்தால், இரண்டும் தனித்தனியே பிழையின்றி இயங்கினாலும் நோயாளியின் கோரிக்கை மறுக்கப்படும். அப்போது பொறுப்பு எந்த நிறுவனத்துடையது என்பது ஒப்பந்தத்திலேயே வரையறுக்கப்பட்டிருக்க வேண்டும். இதற்காக மாநிலங்கள் முறைமை ஒருங்கிணைப்பாளர் ஒருவரைத் தனியே அமர்த்துகின்றன. ஒப்பந்தங்கள் பெருகுவதால், அவற்றை மேற்பார்வையிடும் தொழினுட்ப அறிவு மாநில அரசிடமே இருப்பதும் இன்றியமையாததாகிறது.

மேலும், பழைய நிரலில் மட்டுமே பதிந்துள்ள விதிகளைக் கண்டறிந்து எழுத்தில் வடிக்காமல் எந்தக் கூறகத்தையும் பாதுகாப்பாகப் பிரித்தெடுக்க இயலாது. 2022 இல் அறிமுகமான எளிமையாக்கப்பட்ட கூறுநிலைச் சான்றளிப்பு முறை, மென்பொருள் இருப்பதை மட்டும் பாராமல், அது உரிய விளைவைத் தருகிறதா என்பதையும் மாநிலங்கள் தரவுகளுடன் காட்ட வேண்டும் எனக் கோருகிறது.

இவற்றையும் பார்க்க

* மெடிக்கெய்டு
* மருத்துவக் காப்புறுதி
* மென்பொருள் கட்டமைப்பு
* செயலி நிரலாக்க இடைமுகம்